அருவிச் சேலை

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கடைசியில் வரும் ஒன்றை மட்டும்தான். மற்றதெல்லாம் என்னோடு தட்டச்சு வகுப்பில் படித்த செல்வக்கனி சொன்னது. அவளுக்கு அவள் அம்மா சொன்னது. அவள் அம்மா குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் துண்டும் சோப்பும் விற்கிறவள், வியாபாரம் இல்லாத நேரத்தில் பேச்சு கொஞ்சம் கூடிப்போகக்கூடியவள். ஆகையால் எனக்குச் சொல்லப்பட்டது எப்படியோ அப்படியே எழுதுகிறேன், தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுகிறேன்.

பேரருவிக்கு எதிரே, பஸ் திரும்புகிற இடத்தில் குத்தாலிங்கம் ஸ்டூடியோ வைத்திருந்தான். பாஸ்போர்ட் படம், குடும்பப் படம், அருவியில் நனைந்த புதுமாப்பிள்ளையும் பெண்ணும் என்று பிழைப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு லாட்ஜ் முதலாளி வந்து தன் வரவேற்பறைச் சுவர் முழுக்க மாட்டுகிற அளவில் ஒரு படம் கேட்டார். சீசன் நேரத்து அருவி வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும், ஆனால் ஒரு ஆள்கூட அதில் இருக்கக்கூடாது என்றார். சீசனில் பேரருவியில் விடிவதற்கு முன்னாலேயே தலைகள் மொய்க்கும், தலைகள் இல்லாத நேரம் என்றால் வெள்ளம் வந்து போலீஸ் எல்லாரையும் விரட்டிய நேரமாக இருக்கும். குத்தாலிங்கம் யோசித்து, மதுரையில் இருந்த சேக்காளி ஒருவனிடம் கேட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தான்.

கேமராவின் கண்ணுக்கு முன்னால் திருகி மாட்டுகிற கண்ணாடி அது, கையில் எடுத்துப் பார்த்தால் எதிரே எதுவும் தெரியாது, உச்சி வெயிலையும் அந்தி போல ஆக்கிவிடும். வெளிச்சத்தை அது அவ்வளவு தடுப்பதால் கேமராவின் கதவை நெடுநேரம் திறந்து வைக்கலாம், அந்த நேரத்துக்குள் அசைந்தவர்கள் யாரும் படத்தில் ஒட்டமாட்டார்கள், அசையாதது மட்டும் தங்கும், விழுகிற தண்ணீர் விழுவது தெரியாமல் பட்டு விரித்ததுபோல ஆகிவிடும். முதலில் வாங்கிய மட்டமான கண்ணாடி படத்தைச் செம்மண் கரைத்த மாதிரி ஆக்கிவிட்டது. இரண்டாவது வாங்கியது நல்ல கண்ணாடி, சிவப்பிலிருந்து எவ்வளவு எடுத்ததோ அவ்வளவே பச்சையிலிருந்தும் நீலத்திலிருந்தும் எடுத்தது, எந்த நிறத்துக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. இவ்வளவும் நானும் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததுதான்.

குத்தாலிங்கத்தின் மனைவி முப்பிடாதிதான் அந்த வேலைக்குத் துணை. சாரல் கண்ணாடியில் படியாமல் ஒரு கையால் குடை பிடிப்பாள், கதவு திறந்திருக்கும் நேரத்தை வாய்விட்டு எண்ணுவாள். வெறுமனே எண்ணினால் வாய் ஓடிவிடும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு ஊர்ப்பெயரைக் கட்டிவிட்டிருந்தாள். ஒண்ணு தென்காசி, ரெண்டு தென்காசி, மூணு தென்காசி என்று அவள் எண்ணினால் அது கடிகாரத்தோடு ஒத்துப்போகும் என்று குத்தாலிங்கம் பெருமையாகச் சொல்வானாம். அவன் எண்ணினால் மேகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவான், ஏழுக்குப் பிறகு மறுபடியும் ஐந்து வரும்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், சாரலும் வெயிலும் சேர்ந்தடித்த நேரத்தில், அருவிக்கு எதிரே ஆற்றுப் பாலத்தின் மேல் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, முப்பிடாதி எண்ணி முடித்து, அவன் கதவை மூடியபோது, அருவியின் ஓரத்திலிருந்து ஒரு பாகம் தண்ணீர் சேலையாகக் கழன்று பக்கத்துப் பாறையில் விழுந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் அதை யாரோ விட்டுப்போன துணி என்று நினைத்து, பிழிந்து பார்த்து, பிழியப் பிழியத் தண்ணீர் வருவதைக் கண்டு, அப்படியே மடித்துக் கொண்டுவந்து பாலத்தில் கொடுத்தார். பெண் போலீஸ் வந்து கேமராவில் படத்தைக் காட்டச் சொன்னார், பெண்கள் குளிக்கிற பக்கத்தைப் படம் எடுத்தானோ என்று அவருக்குச் சந்தேகம். படத்தில் ஒரு தலைகூட இல்லை. விசில் ஊதிக்கொண்டு நடுவில் நின்ற தானும் அதில் இல்லை என்பது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்ததாம்.

சேலைக்கு எடையே இல்லை. மூலிகை வாசனை அடித்தது, காதில் வைத்தால் தூரத்தில் அருவி விழுகிற சத்தம் கேட்டது. நிறம் இல்லை. வெள்ளை என்று முதலில் சொன்னார்கள், சுமங்கலி கட்டலாமா என்று உடனே பேச்சு வந்தது, ஆனால் மஞ்சள் பூசிய கையில் போட்டால் மஞ்சளாகவும் வாழையிலைப் பக்கம் வைத்தால் பச்சையாகவும் ஆனது, அதனால் வெள்ளை இல்லை என்று முடிவாயிற்று. முப்பிடாதி அதைத் தோளில் போட்டுப் பார்த்தாள். அவள் கட்டியிருந்த பழைய நைலக்ஸ் சேலையின் ஊதா அதில் ஏறி, அந்த ஊதா புதிதாகத் தெரிந்தது.

அப்போதுதான் குத்தாலிங்கம் சொன்னான். அவன் தங்கை ஆவுடை ஆழ்வார்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், அவள் மகள் பெரியவளாகி இருந்தாள், தாய்மாமன் சீர் அந்த வாரத்திலேயே இருந்தது. இதைவிட நல்ல சேலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவன் கேட்டான். தாய்மாமன் கொண்டுபோகிற சேலைக்குக் குறுக்கே நின்று பேச எந்த மனைவிக்கும் வாய் கிடையாது. முப்பிடாதி சேலையைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

கொடுத்தது போதாது, அதைச் சுமக்கவும் வேண்டியிருந்தது. சீர்த்தட்டுகள் வரிசையாகப் போகும்போது சேலைத்தட்டை மாமன் பெண்டாட்டிதான் எடுத்துப்போக வேண்டும். ஆழ்வார்குறிச்சித் தெருவில் மேளத்துக்குப் பின்னால், பழமும் பூவும் இனிப்பும் வைத்த தட்டுகளுக்கு முன்னால், முப்பிடாதி அந்தச் சேலையை ஏந்தி நடந்தாள், தட்டில் நிறைந்த தண்ணீர் விளிம்பு வழிந்து அவள் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் சொட்டி, அவள் நடந்த வழி முழுக்க ஈரக்கோடு போட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் சேலையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் அதைக் கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, குளிருது என்று தும்மிக் கழற்றிவிட்டாள். பிறகு ஆவுடை கட்டினாள். கட்டியவள் கழற்றவே இல்லை, ரேஷன் கடைக்கும் அதையே கட்டிப்போனாள் என்று செய்தி வந்தது.

"அடுத்தது உனக்குத்தாம்ளா" என்று பஸ்ஸில் திரும்பும்போது குத்தாலிங்கம் சொன்னான்.

அடுத்தது கோயிலுக்குப் போயிற்று. அருவியே அம்மனுடையது, அதில் விளைந்ததை அம்மனுக்குக் கொடுக்காமல் மனுஷிகள் கட்டலாமா என்று கேட்டார்கள். அதற்கடுத்தது படம் கேட்ட லாட்ஜ் முதலாளியின் மருமகளுக்கு. அதற்கடுத்தது இன்ஸ்பெக்டர் மனைவிக்கு, பாலத்தில் ஸ்டாண்டு நிறுத்த விடுகிறவர் இன்ஸ்பெக்டர் என்பதால். ஒவ்வொரு தடவையும் குத்தாலிங்கம் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான்.

"நீ வீட்டு ஆளுதான. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்."

குற்றாலம் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் செல்வக்கனியின் அம்மா நாள் முழுக்கச் சொல்வாளாம். சேலை வேண்டுகிறவள் குளித்துவிட்டு ஓரத்துப் பாறையில் கை நீட்டி நிற்கவேண்டும் என்று ஒரு முறை ஏற்பட்டது. வாங்க ஆள் நிற்காத சேலை ஒன்று நேரே ஆற்றில் போய்ச் சேர்ந்து, பாலத்துத் தூணைச் சுற்றிக்கொண்டு கரைந்துவிட்டிருந்தது. அருவிச் சேலை கட்டினவளை பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லை, ஆனால் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். வெயிலில் நின்றால் ஆடுகள் வந்து முந்தானையை நக்கின. தென்காசி ஜவுளிக்கடைகளில் வைகாசியில் எடுத்த பட்டுகள் ஆவணி வரை அப்படியே இருந்தன, ஒரு கடைக்காரர் அருவித் தண்ணீரில் நனைத்தது என்று பலகை எழுதிச் சாதாரணச் சேலையை ஈரமாக விற்றார். சாயங்காலங்களில் பெண்கள் ஒருத்தி முந்தானையை இன்னொருத்தி முந்தானையோடு அளந்து பார்த்தார்கள். அளந்த பிறகு சிலர் சிலரோடு பேசவில்லை.

அளந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. சேலைகள் வரவரக் குறைந்துகொண்டே போயின. லாட்ஜ் மருமகளுக்குக் கொசுவத்தில் இரண்டு மடிப்புதான் வந்தது. இன்ஸ்பெக்டர் மனைவிக்குக் கொசுவமே வரவில்லை, அவர் அந்த வயதில் அதைத் தாவணியாகக் கட்டிக்கொண்டு, இதுதான் இப்போது நாகரிகம் என்று சொல்லிவிட்டார், மறுவாரமே இன்னும் நாலு பேர் அப்படிக் கட்டினார்கள். தண்ணீர்த் துணி சுருங்கத்தான் செய்யும் என்றார்கள். ஆடி போய்விட்டது, இனிமேல் அப்படித்தான் என்றார்கள். ஒரு தையல்காரர் அருவிச் சேலைக்கு ஒட்டுப்போடுவதற்கென்றே மெல்லிய பருத்திச் சேலைகளிலிருந்து கரை வெட்டி வைத்தார்.

முப்பிடாதி தென்காசியை விட்டுவிட்டு வேகமாக எண்ணினாள், கதவு சீக்கிரம் மூடியது, அதனால்தான் துணி குறைந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கோயிலுக்கு எண்ணியபோது பயத்தில் முழுதாக எண்ணினாள். லாட்ஜ் மருமகளுக்கு எண்ணும்போது நடுவில் சில தென்காசிகள் தானாகவே விழுந்துபோயின. இன்ஸ்பெக்டர் மனைவி பாறையில் நின்று சிரித்தபோது ஒண்ணு ரெண்டு மூணு என்று வாய் ஓடியது, அருவிச் சத்தத்தில் குத்தாலிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, போதும் என்று அவள் சொன்னதும் மூடிவிட்டான். வாங்கினவர்கள் குறைவைப் பார்த்து முகம் சுருங்கும்போது அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் அவளை உறங்கவிடவில்லை. ஊரில் கட்டக்கூடிய முழுச்சேலை ஒன்றே ஒன்றுதான், அது ஆவுடையிடம் இருந்தது, அதை ஒரு தென்காசிகூட விடாமல் எண்ணிக் கொடுத்தது அவள்தான்.

எடுத்த இடத்தில் அருவி உடனே நிறையவில்லை. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு அகலம் பாறை காய்ந்து தெரிந்தது. ஆவணி பாதியில் ஆண்கள் பக்கம் மட்டுமே தண்ணீர் விழுந்தது, பெண்கள் வரிசையில் நின்று முறை வைத்துக் குளித்தார்கள், பழக்கடையும் எண்ணெய்க்கடையும் ஈயாடின. கடைக்காரர்கள் கூடினார்கள். இனிமேல் சேலை எடுக்கக்கூடாது, எடுத்தால் சீசனே போய்விடும் என்றார்கள். இருக்கிற தண்ணீரில் ஒன்றே ஒன்று எடுக்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதும் கூட்டத்தில் பாதிப்பேர் தங்கள் மனைவி பேரையும் மகள் பேரையும் சொல்ல ஆரம்பித்தார்கள். குத்தாலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அந்த நேரத்தில் ஆழ்வார்குறிச்சி பஸ்ஸிலிருந்து ஆவுடை இறங்கி வந்தாள், அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. யாரும் கேட்காமல் பேசினாள்.

"கடைசிச் சேலை எங்க மைனிக்கு. அருவியே அவ எண்ணித்தான் இவ்வளவும் குடுத்துருக்கு. அவளுக்கு ஒரு துண்டுத்துணி இல்லன்னா அது நியாயமா?"

கூட்டம் சரி என்றது. முப்பிடாதிக்குச் சந்தோஷம் வரவில்லை. தன் புருஷன் எடுத்துக் கொடுக்கவேண்டியதை நாத்தனார் வாங்கிக் கொடுக்கிறாள், அதுவும் முழுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று கொடுக்கிறாள், நாளைக்கு ஊரே ஆவுடை கொடுத்த சேலை என்றுதான் சொல்லும் என்று அவளுக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவ்வளவு ஆசை இருந்தது.

மறுநாள் காலையில் பாலத்தின் மேல் ஸ்டாண்டை நிறுத்திய பிறகுதான் எண்ணுவது யார் என்ற கேள்வி வந்தது. முப்பிடாதி பாறையில் நிற்க வேண்டும். குத்தாலிங்கம் எண்ணினால் ரவிக்கைத் துணி வருமா வேட்டி வருமா என்று சொல்ல முடியாது. ஆவுடை குடையை வாங்கிக்கொண்டாள்.

"நான் எண்ணுதேன் மைனி. நீங்க போய் நில்லுங்க."

முப்பிடாதி இரண்டடி போய்த் திரும்பினாள்.

"ஒவ்வொண்ணுக்கும் தென்காசி சொல்லணும். விட்டுராத."

"விட்டா என்ன ஆவும்?"

"துணி குறைஞ்சுரும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று முப்பிடாதிக்கு உறைத்தது. ஆவுடை அவளைப் பார்த்தாள். பாலத்தில் நின்ற லாட்ஜ் மருமகளின் இரண்டு மடிப்புக் கொசுவத்தைப் பார்த்தாள். மறுபடியும் முப்பிடாதியைப் பார்த்து, "அப்படியா மைனி" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு முப்பிடாதி பாறைக்குப் போனாள். குளிர்ந்த தண்ணீரில் முழுகி எழுந்து, ஈரப்புடவையோடு ஓரத்துப் பாறையில் ஏறி, இரண்டு கையையும் நீட்டி நின்றாள். குத்தாலிங்கம் கறுப்புக் கண்ணாடியைத் திருகி மாட்டுவது தெரிந்தது, அவன் கை இறங்குவது தெரிந்தது, ஆவுடையின் வாய் அசையத் தொடங்குவது தெரிந்தது. அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் அந்த இடத்தில் நின்றவர்களுக்குத் தான் என்ன செய்தோமோ அதைத்தான் இப்போது ஆவுடை தனக்குச் செய்துகொண்டிருக்கிறாள் என்று முப்பிடாதி நினைத்தாள். அவள் அருவியைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்க்கவில்லை, ஆவுடையின் வாயை மட்டும் பார்த்தாள். அந்த வாய் எண்ணுகிற வாயாக இல்லை. ஒரு எண்ணுக்கு இவ்வளவு அசைவு எதற்கு, யாரோடோ வம்பு பேசுகிற வாய் போல அல்லவா இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தாள். குளிரில் நடுங்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நின்றதைவிட நேரம் கூடிக்கொண்டே போனது, அதுகூட அவளுக்குப் படவில்லை. கடைசியில் குத்தாலிங்கம் குனிந்து தங்கையின் காதருகில் ஏதோ சொல்ல, ஆவுடை குடையோடு குலுங்கிச் சிரித்தாள், குத்தாலிங்கமும் சிரித்தான்.

முப்பிடாதி பாறையிலிருந்து இறங்கிவிட்டாள். இறங்கி, தண்ணீரில் தடுமாறி, படியேறி, பாலத்துக்கு ஓடிவந்து, ஆவுடையின் கையிலிருந்து குடையைப் பிடுங்கி எறிந்தாள். குத்தாலிங்கம் பதறிக் கதவை மூடினான்.

அப்போது சேலை அருவியிலிருந்து கழன்றது. வாங்க ஆள் இல்லாததால் பாறையில் ஒரு கணம் கிடந்து, பிறகு ஆற்றில் இறங்கியது. பாலத்தில் நின்றவர்கள் எல்லாரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், அது பாலத்துக்குக் கீழே நுழைந்து இந்தப் பக்கம் வந்து, ரயில் கடந்து போவதுபோல நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது, இதோ முடிந்தது என்று நினைத்தால் இன்னும் வந்தது, அவ்வளவு நீளமான சேலையை யாரும் பார்த்ததில்லை. சிலர் கரையோடு ஓடிப்பார்த்தார்கள். சிற்றாறு அதைத் தென்காசிப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

முப்பிடாதி அதைப் பார்க்கவில்லை. அவள் ஆவுடையைப் பார்த்து நின்றாள்.

"எத்தனை எண்ணின?"

"நீங்க வாரது வரைக்கும் எண்ணிட்டுத்தான் மைனி இருந்தேன்."

"தென்காசி சொன்னியா?"

"சொல்லல" என்றாள் ஆவுடை. "ஆழ்வார்குறிச்சின்னு சொன்னேன். அது நீளமான பேருல்லா, துணி கூட வருமேன்னு நினைச்சேன். அதுக்குத்தான் அண்ணன் சிரிச்சான், ஊரையே கட்டிக்கிட்டு வருவா போலிருக்கேன்னு."

குத்தாலிங்கமும் அதுதான் நடந்தது என்று சொன்னான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து சொல்லுகிற கதை என்று முப்பிடாதி சொன்னாள். அதற்குப் பிறகு ஆவுடையோடு அவள் பேசவில்லை. ஆவுடை தன் சேலையை அவிழ்த்துக் கொடுக்க வந்தபோதும் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை என்று செல்வக்கனியின் அம்மா சொல்கிறாள், அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் அருவி மறுபடியும் நிறைந்தது. பங்குனியில் அருவி வற்றியபோது ஊரில் இருந்த அருவிச் சேலைகளும் பீரோக்களுக்குள் வற்றின, திறந்து பார்த்தவர்கள் தட்டில் கொஞ்சம் ஈரத்தையும் மூலிகை வாசனையையும் மட்டும் கண்டார்கள். அடுத்த சீசனில் கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு யாரும் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. கண்ணாடி சாரலில் கீறல் விழுந்துவிட்டது என்று குத்தாலிங்கம் சொல்லி வைத்திருந்தான்.

கடைசிப் படத்தை அவன் பெரிதாக அச்சடித்துக் கடைக்குள் மாட்டியிருக்கிறான் என்றும், முப்பிடாதி ஒரு தடவைகூட அதன் பக்கம் திரும்பியதில்லை என்றும் செல்வக்கனி சொன்னதால், போன ஆனியில் நான் பாஸ்போர்ட் படம் எடுக்கும் சாக்கில் அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். முப்பிடாதிதான் மேசையில் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். சுவரில் இருக்கிற படத்தைப் பார்க்கலாமா அத்தை என்று கேட்டேன். நிமிராமல், பாரு என்றார்.

படத்தில் கூட்டம் இல்லை. சீசன் காலையில் அங்கே இருந்திருக்கக்கூடிய அத்தனை பேரும் போய்விட்டிருந்தார்கள், ஓரத்துப் பாறையில் ஒருத்தியைத் தவிர. பாதி நேரம் கழித்து இறங்கிப் போனவள் இந்த மாதிரிப் படத்தில் பாதிதான் தெரிவாள். இவள் உடம்பின் ஊடாகப் பாறை மிக லேசாகத்தான் தெரிகிறது, அப்படியென்றால் ஏறக்குறைய முழு நேரமும் நின்றிருக்கிறாள். குளிர்ந்த தண்ணீரில் நனைந்து நிற்கிறவர்கள் நடுங்குவார்கள், நடுங்கினால் முகம் கலங்கிவிடும். இவள் முகம் கலங்கவில்லை, கண் இமைகூடத் தெளிவாக இருக்கிறது. கண் கேமராவைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று இடப்பக்கம், குடை பிடிக்கிறவர் நிற்கிற இடத்தைப் பார்க்கிறது.

கண்ணாடிச் சட்டத்தைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். சேலை அவள் மேல்தான் இருக்கிறது. கொசுவம் முழுதாக வந்திருக்கிறது, முந்தானை தோளைச் சுற்றிக் குதிகால் வரை இறங்கி, அதற்கு மேலும் மிச்சம் பாறையில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது.